ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்களும் அவர் கண்ட வித்தியாசாலையும்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே, சித்திரபானு வருடம் மார்கழி மாதம் 5ந் திகதி, கி. பி. 1822ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18ந் திகதிக்குச் சரியான புதன்கிழமையன்று, கந்தப்பிள்ளை என்பவருக்கும் அவர் பத்தினியார் சிவகாமியம்மையாருக்கும் ஆண்மக்களுள் இளையவராய் அவதரித்தவர் நாவலரவர்கள். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம். கந்தப்பிள்ளை தமிழ் வல்லவர். நாடகங்கள் பல இயற்றியவர். அவர் ஒரு நாடகத்தைப் பாடி முடிக்குமுன்னே தேகவியோகமாக, ஒன்பது வயதுப் பாலகராகிய ஆறுமுகம் அதன் எஞ்சிய பாகத்தைப் பாடி முடித்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி.

நாவலரவர்களைப் பிரசங்கியாராகவும், கண்டனகாரராகவும், உரையாசிரியராகவும், ஏட்டுச்சுவடிகளைப் பரிசோதித்து அச்சிட்டவராகவும் பாராட்டி எழுதிய சரித்திரங்கள் பல உள. இப்பத்திரிகையை வாசிப்போர் பெரும்பாலும் வகுப்பிலே நின்று பாடஞ் சொல்பவர்களாதலின், அப்பெரியாரை யாம் இங்கே ஓர் உபாத்தியாயராக மாத்திரம் நோக்கப் புகுகின்றேம். என்ன கற்பித்தார், எந்தப் புத்தகத்தைக் கொண்டு கற்பித்தார், பிள்ளைகளுக்குப் பின்துணையாக யாரை வைத்தார், வித்தியாசாலைச் செலவுக்கு யாரிடத்திற் கையேந்தினார் என்பவைகளே இங்கு விஷயம்.

அவர் பிறந்த காலத்து யாழ்ப்பாணக் கல்வி இரண்டு பிரிவாக நடந்தது. ஒருபுறம் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகள் மணலிலே விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகி, பின்னர்ப் பனையோலையும் எழுத்தாணியுங் கொண்டு எண்சுவடி, நீதிநூல், நிகண்டு என்பவைகளை நெட்டுருப் பண்ணினார்கள். வகுப்பு என்பது இல்லை. புத்தகம் என்பது இல்லை. உபாத்தியாயர் நோயுற்றாற் கல்வியும் நோயுறும். மறுபுறம் பாதிரிமார் பாடசாலை. வெஸ்லியன் மிஷனார் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷனார் 1816ஆம் ஆண்டிலும், சேர்ச் மிஷனார் 1818ஆம் ஆண்டிலும் இத்தீவை அடைந்து, அச்சியந்திரமும் பணமும் ஒழுங்குங் கொண்டு பாடசாலைகள் தாபித்தார்கள். 1823ஆம் ஆண்டிலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் புகழ் தென்னிந்தியா வரைக்கும் பரவிற்று. அரசினர் உத்தியோகத்துக்கு வாயில் இங்கிலீஷ். இங்கிலீஷுக்கு வாயில் மிஷன் பாடசாலை. ஆதலாற் சைவப் பெற்றோர் தம் பிள்ளைகளை விபூதி பூசி அனுப்பினார்கள். பிள்ளைகள் அதனை வழியிலே துடைத்துக்கொண்டு போனார்கள் என்றால் அது மிகையன்று.

ஆறுமுகம் இவ்விரு பிரிவிலுங் கற்றார். நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்தே தொடக்கக் கல்வி. பின்பு நல்லூர்ச் சரவணமுத்துப் புலவரிடத்தும், அவருக்கும் ஆசிரியராகிய இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண விலக்கியங்கள். இங்கிலீஷ் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே. அதுவே பிற்காலத்து மத்திய கல்லூரியாயிற்று. அதனை நடத்திய பேர்சிவற் பாதிரியார் ஆளை அறியுந் திறமுடையவர். மாணாக்கர் மதிநுட்பத்தைக் கண்டு, ஏறக்குறைய 19 வயதிலேயே அவரை அப்பாடசாலை உபாத்தியாயராக்கினார். கீழ்வகுப்புகளுக்கு இங்கிலீஷும் மேல்வகுப்புகளுக்குத் தமிழுங் கற்பிப்பது அவர் கடமை. அன்றியும், பைபிளைத் தமிழிலே புதிதாக மொழிபெயர்க்கும் வேலையிற் பேர்சிவலுக்குத் தமிழ்ப் பண்டிதராயிருந்து உதவினார். அம்மொழிபெயர்ப்புச் சென்னையில் அறிஞர் பார்வைக்கு வைக்கப்பட்டபோது மகாலிங்கையர் அதன் தமிழ்நடையை மெச்சினார்.

பேர்சிவற் பாதிரியாரை இவ்விடத்திற் சிறிது நன்றியோடு நினைத்தல் தகும். அவர் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். பிற்காலத்திற் சென்னைக்குப் போய்ப் பிரசிடென்சிக் கல்லூரியிலே பேராசிரியராயிருந்தவர். மிஷன் பாடசாலையிற் பயின்ற யான் ஒன்று துணிந்து சொல்வேன்: நாவலரவர்கள் பின்னாளிற் சைவர்களுக்குச் செய்து கொடுத்த பள்ளிக்கூட ஒழுங்கு, அதாவது வகுப்புப் பிரித்தல், அச்சிட்ட பாடப்புத்தகம், வினாவிடை முறையாகச் சமயங் கற்பித்தல், வாரந் தவறாத பிரசங்கம் என்னும் இவையெல்லாம் அவர் அந்தப் பாடசாலையினுள்ளே நின்று கண்ணாற் கண்டு கைக்கொண்டவைகளே. கற்றுக்கொண்ட வித்தையைக் கற்ற இடத்திலே விட்டுவராமல் தம் வீட்டுக்குக் கொண்டுவந்தமையே அவர் விசேடம்.

மிஷன் பாடசாலையிற் சம்பளத்துக்குக் கற்பித்த அந்நாளிலேயே, நாவலரவர்கள் காலையிலும் மாலையிலும் தம்முடைய வீட்டிலே சில மாணாக்கரைக் கூட்டிவைத்துச் சம்பளமின்றிப் பாடஞ் சொல்லிவந்தார். தமிழிலக்கணம், இலக்கியம், சைவசமய நூல்கள் என்பவைகளே பாடம். நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை அம்மாணாக்கருள் ஒருவர். இக்காலத்திலே ரியூட்டரி என்று வழங்குந் தனியார் வகுப்புகள் சந்திக்குச் சந்தி நடக்கின்றன. அங்கே பிள்ளை பரீட்சைக்குச் சித்தியாகிறது. அவ்வளவோடு உறவு முடிகின்றது. நாவலரவர்கள் நடத்திய வகுப்புக்குப் பரீட்சையுமில்லை, கட்டணமுமில்லை. ஆயினும், பாடசாலை ஒன்று தொடங்கவேண்டும் என்னும் எண்ணம் அவருள்ளத்திலே முளைத்தபொழுது, அதற்கு வேண்டிய உபாத்தியாயர்கள் முன்னரே ஆயத்தமாயிருந்தார்கள். கட்டடத்துக்கு முன் ஆசிரியரைத் தேடிக்கொண்ட அம்முறை கவனிக்கத் தக்கது.

1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ந் திகதி வெள்ளிக்கிழமையிரவு, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர் முதற் பிரசங்கஞ் செய்தார். அக்கோயில் ஒல்லாந்தர் அரசாண்ட காலத்து வைத்திலிங்கச் செட்டியார் கட்டுவித்தது. அன்று தொடங்கி வெள்ளிக்கிழமைதோறும் அங்கே பிரசங்கம் நடந்தது. நண்பராகிய நல்லூர்க் கார்த்திகேயையரும் உடனின்று பிரசங்கித்தார். கேட்க வந்தவர்கள் கடைக்காரரும், கமக்காரரும், உத்தியோகத்தரும், வீட்டுப் பெண்களுமாகிய ஊரவர். இவர்களே அடுத்த ஆண்டு எழுந்த வித்தியாசாலைக்குக் கைகொடுத்தவர்கள். பிரசங்கத்திலே ஊரைத் திரட்டி, திரண்ட ஊரைக் கொண்டு பள்ளிக்கூடம் நடத்தியமையால், அவ்வித்தியாசாலை தொடக்கத்திலேயே ஊருக்கு உரியதாயிற்று.

கீலக வருடம் ஆவணி மாதம், அதாவது 1848ஆம் ஆண்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பட்டது. அதனோடு நாவலரவர்கள் மிஷன் உத்தியோகத்தை விட்டு விலகினார். கூடுதலான வேதனந் தருவதாகப் பேர்சிவல் தடுத்தும் அவர் இசைந்திலர் என்பர். அவருக்கு அப்பொழுது 26 வயதும் நிரம்பவில்லை. தமையன்மார் உத்தியோகத்தர்கள், குடும்பத்திலே வறுமையில்லை. ஆயினும், அவர் விவாகஞ் செய்துகொள்ளாமலும், அரசினரிடத்து ஓர் உத்தியோகமும் ஏற்றுக்கொள்ளாமலும், சீவியகாலம் முழுவதையும் கற்பித்தலுக்கும் சமயத்துக்குமே ஒப்புக்கொடுத்தார்.

வித்தியாசாலை தொடங்கினால் மட்டும் போதாது, நாள்தோறும் நடக்கவேண்டும். பிள்ளைகளிடத்தே சம்பளம் வாங்குவதில்லை. மிஷனாருக்குக் கடல் கடந்து பணம் வந்தது. அரசினர் நன்கொடை அவர்கள் பாடசாலைகளுக்கே போயிற்று. 1841ஆம் ஆண்டிலே அரசினர் ஏற்படுத்திய மத்திய பாடசாலைச் சபையின் கண்ணுக்குச் சைவப் பாடசாலை என்பது ஒரு பொருளாகவே தோன்றவில்லை. முதலிலே நாவலரவர்களுடைய மாணாக்கர்களே வேதனமின்றி உபாத்தியாயர்களாயிருந்து கற்பித்தார்கள். அவர்களும் உண்ணவேண்டும், உடுக்கவேண்டும், அல்லவா? அப்பொழுது கண்ட உபாயமே பிடியரிசி.

இன்றைய இளம் ஆசிரியர்களிற் சிலர் பிடியரிசியைக் காணாதிருத்தல் கூடுமாதலின் அதனைச் சிறிது விரிப்பேம். வீட்டிலே உலைக்கு அரிசி அளக்கும்போது, அளந்த அரிசியினின்றும் ஒரு பிடி எடுத்துப் புறம்பான ஒரு பானையில் இடுவது. அந்த ஒரு பிடியால் உண்பவர் வயிறு குறைவதில்லை. ஏழை வீடாயினும் அது பாரமாவதில்லை. நாள்தோறும் சேர்ந்ததை வித்தியாசாலையைச் சார்ந்தவர்கள் வந்து வாங்கிக்கொண்டுபோய்த் தருமத்துக்குப் பயன்படுத்துவார்கள். பணமாகக் கேட்டால் ஆண்மக்கள் யோசிப்பார்கள். சீட்டிலே கையொப்பமிட்டுப் பின் கொடாதொழிவாரும் உளர். அரிசிப் பானையோ பெண்களின் ஆட்சிக்குட்பட்டது. அக்காலத்துச் சைவப் பெண்களுட் பெரும்பாலார் எழுத்தறியாதவர். தம் பிள்ளையின் ஓலையிலே என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதைத் தாமாக வாசிக்கமாட்டாதவர். அவர்கள் கையினால் இட்ட அரிசியே யாழ்ப்பாணத்துச் சைவப் பாடசாலைக்கு முதற்கொடை.

பிடியரிசியினால் வேறொரு நன்மையும் உண்டாயிற்று. நாளொன்றுக்கு ஒரு பிடி கொடுத்தவள் அந்த வித்தியாசாலையிலே தன் பிள்ளை வாசிக்கிறானா, உபாத்தியாயர் நேரத்துக்கு வருகிறாரா என்று விசாரிப்பாள். பெற்றாரைக் கூட்டங் கூட்டி அழைத்தும் பத்துப்பேர் வருவதில்லை என்று முறையிடுகின்ற தலைமையாசிரியர்கள் இதைச் சிந்திக்கக் கடவர். கொடுத்தவர் வருவர், கேட்கப்படாதவர் வாரார்.

இனிப் புத்தகம். வித்தியாசாலை தொடங்கிய மறுவருடம், 1849ஆம் ஆண்டிலே, நாவலரவர்கள் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழ்நாட்டுக்குப் புறப்பட்டார், சதாசிவப்பிள்ளையும் உடன்சென்றார். வழியிலே திருவாவடுதுறையாதீனத்தில் அவர் செய்த பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த பண்டாரசந்நிதிகள் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தார்கள். ஆறுமுகம் ஆறுமுகநாவலரானது அவ்வாறே. சென்னையிலே சூடாமணி நிகண்டுரையும் சௌந்தரியலகரி உரையும் அச்சிடுவித்து, யந்திரத்தோடு யாழ்ப்பாணம் மீண்டு, வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலையைத் தாபித்தார்.

அவ்வியந்திரசாலையினின்றும் வெளிவந்தவைகளுள்ளே ஆசிரியர்களுக்கு முக்கியமானவை பாலபாடங்கள். முதற் பாலபாடமும் இரண்டாம் பாலபாடமும் 1850ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்தன. இவைகளின் அருமை, அதற்கு முன்னிருந்த நிலையை எண்ணினால்தான் விளங்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அரிச்சுவடி முடிந்தவுடன் பொருள் விளங்காத செய்யுளுக்குத் தாவினான். எழுத்துக்கும் செய்யுளுக்கும் இடையே படியில்லை. நாவலரவர்கள் அப்படிகளை வெட்டினார்கள்: முதலில் எழுத்து, பின் சிறு சொற்கள், பின் சிறு வாக்கியங்கள், அதன்பின் நீண்ட வாக்கியங்களுங் கதைகளும். வாக்கியங்கள் கடவுள், பெற்றோர், நாவடக்கம், சுத்தம், காலையெழுதல் முதலிய, பிள்ளை நாள்தோறும் அறிந்த விஷயங்களைப் பற்றியவை. நான்காம் பாலபாடம் வரும்பொழுது பிள்ளை கல்வி, கொலை, களவு, கள்ளுண்ணல், பொய், செய்ந்நன்றியறிதல் என்னும் விஷயங்களைப் பற்றிய வசனங்களை வாசித்துப் பொருள்கொள்ளும் நிலையை அடைந்துவிடுகின்றது. முதற் பாலபாடத்துக்கும் நான்காம் பாலபாடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்த்தவர்களுக்கு, அவைகளை எழுதியவர் பிள்ளைகளின் முன்னே நின்று பழகியவர் என்பது நன்கு புலப்படும். அறையிலிருந்து எழுதிய பண்டிதர் ஒருவருக்கு அந்தப் படிமுறை தோன்றாது.

அவைகளின் தமிழ்நடையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நாவலரவர்கள் வசனத்திலே சொற்களை வேண்டிய அளவு பிரித்து, காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகளை இட்டு அச்சிட்டார்கள். புள்ளியிட்டெழுதும் வழக்கத்தை அவர் இங்கிலீஷ் நூல்களிற் கண்டார். கண்டதைத் தமிழுக்கு ஏற்குமளவு கொண்டார். ஏட்டிலே இடைவெளியின்றித் தொடர்ந்து கிடக்கும் எழுத்தை வாசிக்கப் பண்டிதருக்குப் பயிற்சியுண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எங்ஙனம் உண்டாகும்? பெரியபுராணத்தை அவர் வசனமாக எழுதி 1852ஆம் ஆண்டிலே வெளியிட்டதும், சைவவினாவிடைகளும், இலக்கணச்சுருக்கமும், இலங்கைப் பூமிசாத்திரமும் இயற்றியதும் இந்த ஒரு நோக்கம் பற்றியே. பூமிசாத்திரம் எழுதினமையைக் குறிப்பாகச் சொல்லுகின்றேம். ஏனெனின், சைவப் பாடசாலை என்றாற் புராணமுந் தேவாரமும் மாத்திரம் சொல்லிக்கொடுக்கும் இடம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். தம்முடைய மாணாக்கன் தான் வசிக்குந் தீவின் மலையும் ஆறும் ஊரும் அறியாதவனாய் இருத்தலை நாவலரவர்கள் விரும்பிலர்.

வித்தியாசாலைகளிலே எவ்வெவற்றைக் கற்பிக்கவேண்டும் என்பதையும், தமிழ்ப் புலமை பெற விரும்புவோர் நூல்களை எம்முறையிற் கற்கவேண்டும் என்பதையும் அவர் எழுதி வெளியிட்டார்கள். அவர் சொல்லிய ஒழுங்கிலே சமயமும் மொழியும் நடுவாயிருக்க, கணக்கு, பூமிசாத்திரம் முதலியன சூழ நிற்கும். இலக்கணம் அறியாது இலக்கியத்திற் புகுதலை அவர் ஒப்புக்கொள்வதில்லை. பிழைபடப் படிப்பதினும் படியாதிருத்தல் நன்று என்னும் அளவுக்கு அதில் அவர் கண்டிப்புடையவர். இந்தக் கண்டிப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஏற்குமோ என்பது எமக்கு ஐயமே; மந்தபுத்தியுள்ள பிள்ளை இலக்கணத்தின் வாயிலிலேயே நின்றுவிடுதல் கூடும். ஆயினும், அவரிடத்துத் தேறி வெளிவந்தவர்கள் தேறினவர்களேயாவர்.

அரசினர் உதவியின்றி வித்தியாசாலை ஏறக்குறைய 22 வருடம் நடந்தது. இதனை ஆசிரியர்கள் நின்று நினைக்கவேண்டும். ஒரு மாதச் சம்பளம் பிந்தினால் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். 1860ஆம் ஆண்டுகளின் நடுவிலே இத்தீவின் கல்விநிலையை ஆராயச் சட்டநிரூபண சபையார் ஒரு விசாரணைக்குழுவை நியமித்தார்கள். அதன் பயனாக 1869ஆம் ஆண்டிலே பழைய பாடசாலைச் சபை ஒழிந்து, பொதுக்கல்வித் திணைக்களம் உண்டாயிற்று. சமயம் யாதாயினும், சமயஞ் சாராத பாடங்களிற் பிள்ளைகள் பரீட்சையிற் பெறும் பேற்றைப் பார்த்து நன்கொடை அளிப்பது என்னும் புதுவிதி வந்தது. அவ்விதியின் கீழே 1870ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலை அரசினர் நன்கொடை பெற்றது. கதவு திறந்தபொழுது உள்ளே நுழைவதற்கு ஒரு பாடசாலை ஆயத்தமாக நின்றது. அந்த 22 வருடமும் பிடியரிசி இட்டவர்கள் கைசோர்ந்திருந்தால் நுழைவதற்கு யாதும் இருந்திராது.

கோப்பாய், புலோலி முதலிய ஊர்களிலும் அவர் முயற்சியினாலும் தூண்டுதலினாலும் வித்தியாசாலைகள் எழுந்தன. கடலுக்கு அப்பாலே சிதம்பரத்தில் 1864ஆம் ஆண்டிலே ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை தாபித்தார். அதற்கு யாழ்ப்பாணத்தார் பொருளுதவினார்கள். சென்னைத் தங்கசாலைத் தெருவிலே அச்சியந்திரசாலையும் நடந்தது. இராமநாதபுரம் பொன்னுசாமித்தேவர் உதவியினால் திருக்கோவையாருரையும் திருக்குறட் பரிமேலழகருரையும் அச்சேறின. இவைகளை விரிப்பின் வேறு கட்டுரையாகும்.

மறைக்கத் தகாத ஒன்றை இங்கே சொல்லவேண்டும். நாவலரவர்கள் கண்ட வித்தியாசாலையின் வாயில் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்குந் திறந்திருந்ததில்லை. சாதியாசாரத்தை அவர் ஆகமத்தின்படி கொண்டாடினார். தாழ்ந்தவர் என்று அக்காலத்தார் ஒதுக்கிய குடிகளின் பிள்ளைகள் அவர் வகுப்பிலே ஒக்க இருந்து கற்றாரல்லர். அப்பிள்ளைகளுட் கற்க விரும்பியவர்களுக்கு மிஷன் பாடசாலையே புகலாயிற்று. அவர் காலத்தின் மேல் இதனைச் சுமத்திவிட்டுப் போவது எளிது. ஆயினும், காலத்தின் ஓட்டத்தையே எதிர்த்து நீந்திய ஒருவர், இந்த ஒரு துறையிலே ஓட்டத்தோடு போனார் என்பதை ஆசிரியர்களாகிய நாம் சொல்லாமல் விடுதல் நியாயமன்று. உதவி பெறும் பாடசாலைகளிலே சமஆசனம் என்னும் விதி 1930ஆம் ஆண்டளவில் வந்தபொழுது யாழ்ப்பாணத்திலே எழுந்த எதிர்ப்பு, அந்த வாயில் எத்துணைக் காலம் அடைபட்டுக் கிடந்தது என்பதைக் காட்டிற்று. பெண்பிள்ளைகளும் நெடுங்காலங் காத்திருந்தனர். உடுவிலிலே அமெரிக்க மிஷனார் பெண்பாடசாலை தொடங்கியது 1824ஆம் ஆண்டு. சைவப் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி எழுந்தது 1913ஆம் ஆண்டு. பிடியரிசி இட்ட தாய்மாரின் புதல்விகள் அவ்வளவுங் காத்திருந்தார்கள்.

நாவலரவர்களுக்குக் கைகூடாத காரியமும் ஒன்று உண்டு. தமிழ் வித்தியாசாலை மாத்திரம் போதாது. இங்கிலீஷைத் தேடிப் பிள்ளைகள் மிஷன் பாடசாலைக்குப் போவதை நிறுத்தவேண்டுமாயிற் சைவர்களே இங்கிலீஷ் கற்பிக்கவேண்டும் என்பதை அவர் தெளிந்திருந்தார். 1872ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தாபித்தார். அது நான்கு வருடந்தான் நடந்தது, பணமுட்டினால் மூடப்பட்டது. இங்கிலீஷ் கற்பிக்கும் உபாத்தியாயரை அரிசியைக் கொண்டு வைத்துக்கொள்ள முடியாது. அவருக்கு மாதந்தோறும் ரொக்கம் வேண்டும்; கச்சேரியிலோ மிஷனிலோ அவருக்கு அதனினும் நல்ல இடம் காத்திருக்கும். ஊரிலே பணமுடையவர்கள் இருந்தார்கள். கோயிற் றிருவிழாவுக்கு வாணமும் சதிருமாகச் செலவு செய்தார்கள். அவ்வாறு செலவிடுவதை நாவலரவர்கள் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினமையால், அவர்களிற் பலர் அவருக்குப் பகைவராயுமிருந்தார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகத்தைக் குறித்து அவர் எழுதிய பத்திரிகைகளை வாசித்தவர்களுக்கு, அவர் தம்மவரிடத்தும் சிறிதும் முகதாட்சிணியம் பாராட்டாதவர் என்பது தெரியும். தருமப்பணத்தைக் கேட்கப் போகுமிடத்தே உண்மையையும் உரைப்பவருக்குப் பெட்டி நிறைவது அரிது. பெட்டியை நிறைக்கும்பொருட்டு அவர் வாயை அடக்கிக்கொண்டாரல்லர். அதன் விலையைச் சைவாங்கில வித்தியாசாலை கொடுத்தது.

அவ்வித்தியாசாலை மூடப்பட்ட காலத்தையொட்டி 1876, 1877ஆம் ஆண்டுகளிலே பேதிநோயும் பஞ்சமும் யாழ்ப்பாணத்தை வருத்தின. நாவலரவர்கள் ஊராரிடத்துப் பொருள் திரட்டி, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். பிடியரிசிக்குப் பழகிய வாயில்களிலே கஞ்சிக்கு அரிசி கேட்பதும் எளிதாயிருந்திருக்கும். பஞ்சகாலத்திலே குடிகளின் துயரை உணராது நடந்தார் என்று அரசாட்சி ஏசண்டராகிய துவைனந் துரையையும் அவர் எழுத்தினாற் கண்டித்தார். 1879ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாக இளைஞராகிய பொன்னம்பலம் இராமநாதனை நியமிக்கவேண்டும் என்று யாழ்ப்பாணத்திற் கூட்டங்கூட்டி ஆதரித்தார். அவர் ஆதரித்தவரே நியமனமும் பெற்றார்.

அதே ஆண்டு, பிரமாதி வருடம் கார்த்திகை மாதம் 21ந் திகதி வெள்ளிக்கிழமை, 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 5ந் திகதி, மகநட்சத்திரத்திலே நாவலரவர்கள் வண்ணார்பண்ணையிற் சிவபதமடைந்தார்கள். அப்பொழுது வயது 57 நிறைவதற்குச் சில நாள்கள் இருந்தன.

அவர் வைத்துப்போன ஆஸ்தி அவருடைய மாணாக்கர். சதாசிவப்பிள்ளை வித்தியாசாலைகளையும் அச்சியந்திரசாலையையும் பரிபாலித்தார். மருகர் பொன்னம்பலபிள்ளை புராணங்களுக்குப் பொருள் சொல்லுவதிலே பெயர்பெற்றவர். அவரிடத்தே கற்றவர்கள் பலர். தமையனார் புத்திரராகிய கைலாசபிள்ளை நாவலரவர்களுடைய சரித்திரத்தை எழுதி உதவினார். ஓர் உபாத்தியாயர் இறந்தபின் அவருடைய பாடசாலை எத்தனை வருடம் உயிரோடிருக்கும் என்பது, அவர் தமக்குப் பின்னே எத்தனை உபாத்தியாயரை விட்டுப்போனார் என்பதைப் பொறுத்தது. நாவலரவர்கள் நல்லூர் வீட்டிலே காலையும் மாலையுங் கூலியின்றிச் சொல்லிய பாடம் இவ்வாறு கணக்கிலே வந்தது.

சைவாங்கில வித்தியாசாலை மூடப்பட்டுப் பன்னிரண்டு வருடங் கழித்து, 1888ஆம் ஆண்டிலே, சைவபரிபாலன சபை யாழ்ப்பாணத்தில் உண்டாயிற்று. 1890ஆம் ஆண்டிலே அச்சபையார் வண்ணார்பண்ணையிலேயே ஓர் இங்கிலீஷ் உயர்தரப் பாடசாலையை ஏற்று நடத்தினார்கள். அதுவே யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி. 1923ஆம் ஆண்டிலே எழுந்த சைவவித்தியாவிருத்திச் சங்கம், இராசரத்தினம் அவர்களுடைய முயற்சியினால், சைவப் பாடசாலையில்லாத ஊர்களைத் தேடிச்சென்று பாடசாலைகளைத் தாபித்தது. அப்பாடசாலைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றத் திருநெல்வேலியிலே சைவாசிரிய கலாசாலை 1928ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அங்கும் பற்பல ஊர்களிலே நிலங்கொடுத்தவர் ஒருவர், கிடுகு கொடுத்தவர் ஒருவர், மரங்கொடுத்தவர் ஒருவர், கூலியின்றித் தோள்கொடுத்தவர் பலர். 1960ஆம் ஆண்டிற் பிறந்த சட்டத்தின்படி உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றார்கள். அதனோடு சங்கத்துப் பாடசாலைகளும் அரசினர் பாடசாலைகளாயின. அவைகளுட் சிலவற்றின் பழைய வரவுப்பதிவேட்டின் முதற்பக்கத்தைப் பார்ப்பீர்களாயின், அந்நிலத்தைத் தருமஞ் செய்தவரின் பேரப்பிள்ளையின் பெயரை அங்கே காணலாம்.